பெட்டியைப் பிடிக்க ஓர் ஆள்

தம்பி,

காப்பாரிலிருந்து நீ எழுதியது நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எந்தப் பாத்திரம் வாங்கியாயிற்று, எது பாக்கி என்ற விவரம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். முதல் பக்கம் முழுவதும் தேனீதான். தோட்டத்தில் கணக்கெழுதும் உனக்குக் கொடுத்திருக்கும் கிராணி வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் தென்னைமரத்தின் பொந்தில் தேனீ குடியிருக்கிறது, கல்யாணப் பெண் வந்து இறங்குவதற்குள் அதைப் பெட்டியில் பிடித்து வாசலில் வைத்துவிட வேண்டும், எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உன் புத்தி அவனுக்கும் வந்துருச்சா?" என்றார். வந்தால் நல்லதுதான் என்றேன்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டி இருப்பதுதான் பெட்டிக்கு வரும். உயர்ந்த கிளையில் ஒரே பெரிய அடையாக வெட்டவெளியில் தொங்குவது வேறு ஜாதி. அதன் கிட்டே நெருங்காதே, அது ஆளைக் கொல்லும். நீ எழுதியதைப் பார்த்தால் உன்னுடையது பொந்துத் தேனீதான். பெட்டியை மண்ணெண்ணெய் டின் வரும் பெட்டிப் பலகையில் அடித்தால் போதும். ஆனால் அந்தப் பலகையை வெயிலில் நன்றாகக் காயப்போட்டு வாடை போன பிறகுதான் அடிக்க வேண்டும். புகைக்குத் தேங்காய் மட்டை நார். அதுவும் கொஞ்சம், தள்ளி நின்று. புகை என்பது தேனீயை விரட்டுவதற்கு அல்ல, அதன் கவனத்தைத் திருப்புவதற்கு. இந்த ஒரு வரியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். அந்தச் சமயம் நீ இங்கே இல்லை. பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானில் அத்தை வீட்டில் இருந்தாய். திரும்பி வந்தபோது பின்கட்டில் பெட்டி இருந்தது, அப்பாவின் உதட்டில் வீக்கம் வற்றியிருந்தது. "தேனீ ஓடிப்போச்சு, புடிச்சோம்" என்று அவர் உன்னிடம் சொன்னதோடு கதை முடிந்துபோனது.

அப்போது நாம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பழைய வரிசையில் இருந்தோம். சந்தின் முனையில் ஒரு கிழட்டு மாமரம் உனக்கு நினைவிருக்கும். அதன் இடுப்புயரப் பொந்தில் தேனீ வந்து அடைந்திருந்தது. பக்கத்து வீட்டுக் காமாட்சி அக்காவின் சின்ன மகளை இமையில் கொட்டிவிட்டது. பிள்ளையின் முகம் கொழுக்கட்டை போல வீங்கிக் கிடந்ததைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். வீடுகளைப் பராமரிக்கும் ஓவர்சியரிடம் அவள் போய்ச் சொன்னாள். அவர் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை தார்ப் பந்தம் கொளுத்திப் பொந்துக்குள் செருகிவிடலாம் என்றார். அது அவருடைய வேலை, அவர்மேல் குற்றமில்லை. நான்தான் குறுக்கே போய் நின்றேன். கொளுத்த வேண்டாம், நான் பிடித்து என் வீட்டுப் பின்கட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உன் அப்பா அன்றைக்குக் கேட்டார். இப்போது யோசித்தால் கொஞ்சம் புரிகிறது. மதராஸில் கல்லூரியில் படித்தபோது தோட்டத்து மூலையில் ஒரு தேன்பெட்டி இருந்தது. தாவரவியல் வகுப்பில் எங்களை அழைத்துப்போய், வராந்தாக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, அதைக் காட்டுவார்கள். கிட்டே போக விடமாட்டார்கள். பூவுக்குள் மகரந்தம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பரீட்சையில் நன்றாக எழுதினேன். ஒரு தேனீயைக்கூட அருகில் பார்த்ததில்லை. பிறகு கல்யாணம், கப்பல், இந்த ஊர், நீ, பெண்கள் பள்ளியில் வேலை. இந்த வீட்டில் நான் எது கேட்டாலும் அதற்கு ஓர் உபயோகம் இருக்கும். உபயோகம் சொல்லத் தெரியாமல் நான் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. அது அப்பாவுக்குத்தான் ஆச்சரியம் என்றில்லை, எனக்கே ஆச்சரியம்.

"ஊர் வம்பைப் பெட்டியில போட்டு வீட்டுல வளர்க்கப் போறியா?" என்றார்.

"வம்பு வேற, தேனீ வேறங்க."

"ரெண்டும் கொட்டும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

ஓவர்சியர் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். "பெட்டியில அடங்கி இருந்துச்சுன்னா இருக்கட்டும், டீச்சர். கெளம்பிப் போயி யாரு வீட்டு முன்னுக்காவது ஒக்காந்துச்சு, அன்னிக்கே பந்தம்தான். அப்புறம் என்கிட்ட இங்கிலீஷ்ல பேசக் கூடாது." காமாட்சி அக்கா சிரித்தாள். நான் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயந்திரம் பிடித்தேன். உன் அப்பா உதவிக்கு வரவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. கொசுவலையைத் தலைமேல் போட்டுச் சேலைக்குள் செருகிக்கொண்டு போனேன். சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து புகை காட்டியதும் உள்ளே இருந்த இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. கத்தியால் பொந்தின் வாயை அகலமாக்கி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். தேன் இருக்கும் அடையைத் தனியே வைத்துவிடு, அதைப் பெட்டியில் கட்டினால் கனம் தாங்காமல் அறுந்து விழும். புழு இருக்கும் அடைதான் முக்கியம். அதைப் பெட்டியின் மரச்சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்ட வேண்டும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்க வேண்டும். நான் முதல் அடையைத் தலைகீழாகக் கட்டிவிட்டு, அறையெல்லாம் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதைப் பார்த்து அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவசரப்படாமல் இருந்தால் இதெல்லாம் கையே சொல்லிக்கொடுக்கும்.

ராணியைத் தேடு. மற்றவற்றைவிட நீளமாக, கொஞ்சம் கறுப்பாக, வெளிச்சத்தைக் கண்டால் ஒளிய ஓடும். அதைத் துளை போட்ட தீப்பெட்டிக்குள் விட்டு, தீப்பெட்டியைச் சட்டத்தில் தொங்கவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. மற்றதெல்லாம் நடந்து ஏறி உள்ளே போகும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். பொந்தைக் களிமண்ணால் அடைத்துவிட்டு, வெளியே போனவை எல்லாம் திரும்பி வரும்வரை பெட்டியை அங்கேயே வைத்திருந்து, இருட்டுகிற நேரம் துணியால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் கழித்துத் தீப்பெட்டியைத் திறந்து ராணியை விட்டேன்.

பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டியின் நான்கு காலுக்கும் கீழே நான்கு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. எறும்பு ஏறாமல் இருக்க அப்படி வைக்க வேண்டும் என்று இரண்டு நாள் முன்பு நான் ஒரு தேனீப் புத்தகத்திலிருந்து உரக்கப் படித்தபோது உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அந்த வாரம் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமலே பின்கட்டுக்குப் போய், தள்ளி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "காலுல மஞ்சளா எதையோ கட்டிக்கிட்டு வருது பாரு, கூலிக்காரன் சாக்கு தூக்குற மாதிரி" என்று ஒரு நாள் சொன்னார். அது மகரந்தம் என்றேன். "என்னா ரந்தமோ, நல்லா உழைக்குதுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். காலையில் குளித்துவிட்டுச் சாமி படத்துக்குச் சாம்பிராணி போடுவார். பிறகு தணல் போட்ட அதே சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க வருவார். அரிசிப் பானைக்குக் காட்டுவார். என் தையல் மெஷினுக்குக் காட்டுவார். உன் சிலேட்டுக்கும் காட்டியிருக்கிறார். நம்மைக் காப்பாற்றுகிற எதுவும் அந்தப் புகைக்குத் தப்பாது. நான் அடுப்பில் இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். பின்கட்டுப் பக்கம் அவர் குரல் கேட்டது. தேனீயோடு பேசிக்கொண்டிருந்தார். "நீங்களும் இப்ப இந்த வீட்டு ஆளுங்கதானே" என்றார். அடுத்த நொடி பெட்டியின் சத்தம் மாறியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சாமிக்குக் காட்டுவதைவிடக் கிட்டே, பெட்டியின் வாயிலேயே கரண்டியை நீட்டி, பக்தியோடு நிறைய நேரம் காட்டியிருக்கிறார். வாசலிலிருந்து தண்ணீர் பீறிட்டதுபோலத் தேனீக்கள் வெளியே கொட்டின. பின்கட்டு முழுக்கச் சுழன்று, கூரைக்கு மேலே எழும்பி, ஒரே மேகமாகச் சேர்ந்தன. கட்டிவைத்த புழுவையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுக் கூட்டம் புறப்பட்டுவிட்டது. புதிதாகப் பெட்டிக்கு வந்தது, கொஞ்சம் நெடி அதிகமானாலும் இடத்தையே கைவிட்டுவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் அப்பா கையில் புகைகிற கரண்டியோடு நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நல்லதுக்குத்தானே காட்டுனேன்" என்றார்.

தம்பி, இந்த இடத்தைத்தான் நீ மெதுவாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நொடியில் என் நாக்கில் ஒரு முழு வாக்கியம் தயாராக நின்றது. ‘உங்களை யார் கிட்டே போகச் சொன்னது’ என்று தொடங்கும் வாக்கியம். நியாயமான வாக்கியம்தான். நான் படித்தவள், எனக்கு எது நியாயம் என்று சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனால் மேகம் நகரத் தொடங்கிவிட்டது. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் போய்விடும். ஆகவே, "பெட்டியத் தூக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சந்தில் இறங்கி ஓடினேன். பொறுமையால் நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. நேரம் இல்லாததால் தப்பிய சண்டை அது. பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது. அவர் அந்தக் கரண்டியை எடுத்துப்போனது, நான் ஆசைப்பட்ட ஒன்றைச் சாமி படத்தோடும் அரிசிப் பானையோடும் சேர்த்து வைப்பதற்காக. அவருக்குத் தெரிந்த மரியாதைகளில் அதைவிடப் பெரியது இல்லை. அதை நான் அங்கே உடைத்துப் போட்டிருந்தால், அடுத்த முறை நான் ஒன்றுக்கு ஆசைப்படும்போது அவர் செய்தித்தாளை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

மேகம் இரண்டு வரிசை தாண்டிப் போய் ஒரு பலாமரத்தின் கிளையில் இறங்கி, தாடி மாதிரி தொங்கியது. யார் வீட்டு முன்னால் என்று நினைக்கிறாய்? ஓவர்சியர் வீட்டுக்கு முன்னால்தான். அவர் பாதி முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்தார்.

"என்னா டீச்சர், விலாசம் பார்த்து அனுப்பி வச்சீங்களா?"

"அதுங்களாவே வந்துருச்சு, சார்."

"பேசுனது பேசுனதுதான்" என்று சொல்லி, தார்ப் பந்தம் எடுத்துவர ஸ்டோருக்கு ஆள் அனுப்பிவிட்டார். நான் ஒப்புக்கொண்ட நிபந்தனை அது. அப்போது பின்னாலிருந்து உன் அப்பா வந்தார். அலுவலகத்துக்குப் போடும் வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு, இரண்டு கையிலும் தேனீ போன பெட்டி. வேலைக்கு ஒரு நாளும் பிந்திப் போகாதவர். மேலதிகாரி ஒருவரிடம் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "சார், உங்க ஆளு திரும்பி வர்றதுக்குள்ள நாங்க எடுத்துருவோம். எடுக்கலன்னா பந்தத்த என் கையில குடுங்க, நானே கொளுத்துறேன்" என்றார்.

பெட்டியில் சாம்பிராணி வாடை அப்படியே இருந்தது. அந்த வாடையோடு மறுபடி உள்ளே போகாது. காமாட்சி அக்கா வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அவள் வீட்டு வாசலில் குழம்புக்குப் போடும், எலுமிச்சை வாசம் வீசும் செராய்ப் புல் புதராக வளர்ந்திருந்தது. அதன் மணம் தேனீக்குப் பிடிக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். "அக்கா, கொஞ்சம் செராய் குடுங்களேன்" என்றேன்.

"நல்லாருக்குதே. என் புள்ளையக் கொட்டுனதுக்கு என் செராய் வேறயா?" என்றாள். ஆனால் போய் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்தாள். தானே கசக்கிப் பெட்டியின் உள்பக்கம் தேய்க்கவும் செய்தாள். "என்னா அண்ணே, இன்னிக்கு ஆபீசு மரத்தடியிலயா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

கொத்தாகத் தொங்குகிற தேனீக்குக் கோபம் குறைவு; வீடு இல்லாதபோது காப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கிளை உயரத்தில் இருந்தது. ஒருவர் கிளையை உலுக்க வேண்டும், அதே கணத்தில் இன்னொருவர் சரியாகக் கீழே பெட்டியை ஏந்தியிருக்க வேண்டும். சனிக்கிழமை எல்லாவற்றையும் தனியாகச் செய்தவள் நான். இதைத் தனியாகச் செய்ய வழியே இல்லை. உன் அப்பா ஓவர்சியர் வீட்டு பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறி, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார். என் கொசுவலையைக் கொடுத்தேன். "அதைக் கட்டுற நேரத்துல பந்தம் வந்துரும். உலுக்கு, டீச்சரம்மா" என்றார். துணி காயப்போடும் மூங்கில் கழியைக் கிளையில் கொக்கி போல மாட்டி ஒரே உலுக்கு உலுக்கினேன்.

கொத்து மொத்தமாக விழுந்தது. பாதி பெட்டிக்குள், மீதி அவர்மேல். கோட்டுக் கை தெரியவில்லை, காது தெரியவில்லை. கூட்டம் பின்னால் ஓடியது. அவர் அசையவில்லை.

"கொட்டுதா?"

"உதட்டுல ஒண்ணு."

"அடிச்சிராதீங்க, அடிச்சா மத்ததும் வரும்."

"அடிக்க என் கை ரெண்டும் காலியாவா இருக்கு?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ராணி உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தெரியாமல் நின்ற அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு பெட்டியின் விளிம்பில் சில தேனீக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு சிறகை விசிறத் தொடங்கின. அது மற்றவற்றைக் கூப்பிடுகிற அடையாளம். அவருடைய கையிலிருந்து, தோளிலிருந்து, கோட்டுப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து பெட்டிக்குள் ஏறின. ஸ்டோருக்குப் போன ஆள் தார் வாளியோடு வந்து நின்றபோது அவர்மேல் நாலைந்துதான் மிச்சம். ஓவர்சியர் காய்ந்துபோன நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு, "வாளியக் கொண்டு போய் வை" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "சாயந்திரம்வரைக்கும் மரத்தடியில இருக்கட்டும். அதுக்கு மேல என் பெஞ்சி எனக்கு வேணும்" என்றார். உன் அப்பா வீங்கிய உதட்டோடு வேலைக்குப் போனார். அங்கே என்ன காரணம் சொன்னார் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

நீ கேட்டதைவிட அதிகமாக எழுதிவிட்டேன். எழுதியதற்குக் காரணம் உண்டு. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவள் சுங்கை பூலோவில் வேறொரு வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டில் எதை எப்படி மதிப்பார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ஏதோ ஒன்றை அவள் ஒரு நாள் நல்ல எண்ணத்தோடு கலைத்துவிடுவாள். அவளுடையதை நீயும் கலைப்பாய். அது நடக்கும், நடக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் யார் செய்தது என்று நின்று பார்க்காதே. எந்தப் பக்கம் பறந்து போகிறது என்று பார். அவளையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடு.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இது: அவள் வருவதற்குள் தேனீயைப் பிடிக்காதே. அந்தத் தென்னைமரத்தை யாரும் வெட்டி எரித்துவிடாமல் தோட்டத்தில் சொல்லி வை, சுற்றி நாலு குச்சி நட்டு வை, அது போதும். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் அது எங்கேயும் போகாது. பிடித்து, அலங்கரித்து, வாசலில் வைத்து, இது என்னுடையது, கிட்டே போகாதே என்று அவளுக்குக் காட்டுவதைவிட, இருவரும் பயந்துகொண்டே சேர்ந்து பிடிப்பது நல்லது. அவளுக்குப் பிடிக்காவிட்டால் மரத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே சீனத் தச்சரிடம் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன், கல்யாணத்துக்குள் தயாராகிவிடும்.

இதையெல்லாம் எழுதி முடித்து உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சாம்பிராணி பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னார், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்குப் பழக்கமில்ல. நான் ஒரு நடை காப்பாருக்குப் போயி பெட்டியப் புடிச்சுக் குடுத்துட்டு வரவா?" என்றார். அதற்கு ஆள் இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா